ஒட்டன்சத்திரத்து விலையையும் சென்னை விலையையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: ஒட்டன்சத்திரத்தில் இருந்தவரை காய்கறிக்கு ஆன செலவைவிட, சென்னைக்குக் குடிவந்த பிறகு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிறது. கடைக்காரர் கூடுதலாக வாங்குகிறாரா, ஊர் வித்தியாசம்தானா என்று அறிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இரண்டு ஊர்க் கடைகளின் விலைப்பலகைகளை அப்படியே எடுத்து ஒப்பிட்டால் விடை கிடைக்காது. ஒட்டன்சத்திரம், சுற்றுவட்டாரத்தில் விளைவதெல்லாம் வந்து குவிகிற மொத்தச் சந்தை. கேரள வியாபாரிகள் பெருமளவில் கொள்முதல் செய்யும் இடம். சென்னையோ, ஆந்திரம், கர்நாடகத்திலிருந்து தக்காளியும் நாசிக்கிலிருந்து பெரிய வெங்காயமும் நீலகிரியிலிருந்து கேரட்டும் கோயம்பேட்டில் வந்து இறங்கினால்தான் சமைக்க முடிகிற நகரம். நீங்கள் முன்பு கொடுத்தது விளைச்சலுக்கு அருகிலிருந்த விலை. இப்போது கொடுப்பது பல கைகள் மாறி வந்த விலை.

முதலில், ஒரே சரக்கைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள். கோயம்பேட்டில் நாட்டுத் தக்காளிக்கும் நவீன் தக்காளிக்கும், ஊட்டி கேரட்டுக்கும் மாலூர் கேரட்டுக்கும் தனித்தனி விலை உண்டு. அளவும் ஏமாற்றும். ஓரிடத்தில் எடைக்கு விற்கும் தேங்காயையும் முருங்கைக்காயையும் இன்னோரிடத்தில் எண்ணிக்கைக்கு விற்பார்கள். கீரைக்கட்டின் பருமன் ஊருக்கு ஊர் மாறும். இவற்றை வீட்டில் நிறுத்துப் பார்த்து, கிலோவுக்கு என்ன விலை என்று கணக்கிட்ட பிறகே ஒப்பிடுவது முறை.

அடுத்தது கழிவு. விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதனால்தான் வருகிறது என்பது என் கருத்து. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கவனிக்காததும் இதுதான். ஒரு கணக்குக்காக, கடைக்காரர் மொத்தச் சந்தையில் கிலோ 20 ரூபாய் வீதம் 25 கிலோ தக்காளியை 500 ரூபாய்க்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை 60 ரூபாய். நசுங்கியும் அழுகியும் 3 கிலோ போய்விட்டால், மீதமுள்ள 22 கிலோவில் ஒவ்வொன்றின் அடக்க விலையும் 25 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. கடை வாடகையும் அவருடைய உழைப்பும் சேரும்போது 32 ரூபாய்க்கு விற்பது கொள்ளை அல்ல. பொட்டலமிடாத புதிய காய்கறிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், வித்தியாசத்துக்கு அந்த வரியைக் காரணமாகச் சொன்னால் ஏற்க வேண்டாம்.

ஒரு நாள் விலையை வைத்தும் முடிவுசெய்யக் கூடாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் நியாய விலைக் கடைகள் வழியாக அரசு 60 ரூபாய்க்கு விற்றது; ஒரே ஊரில், ஒரே வாரத்தில் அத்தனை வேறுபாடு. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரளத் தேவையால் ஒட்டன்சத்திரத்திலேயே விலை ஏறும். முகூர்த்த நாட்களும் அப்படியே. ஆகவே நீங்கள் வழக்கமாக வாங்கும் ஐந்தாறு காய்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நான்கு வாரம், வாரத்தில் ஒரே கிழமையில், காலை நேரத்து விலையைக் குறித்துவாருங்கள். மாலையில் மிச்சச் சரக்கைக் குறைத்து விற்பார்கள், அது கணக்கைக் குழப்பும்.

ஒப்பிட வேண்டியது உங்கள் கடை விலையையும் அன்றைய கோயம்பேடு மொத்த விலையையும்தான். நாளிதழ்களில் அது வெளிவருகிறது. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தை விலைகள் குவிண்டால் கணக்கில் இருக்கும் என்பதால் 100ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இடையில் உழவர் சந்தை விலையையும் பார்ப்பது நல்லது. 1999இல் மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில் விவசாயியே நேரடியாக விற்பதால், இடைத்தரகு எவ்வளவு என்பது அங்கே தெரிந்துவிடும்.

தக்காளி, கீரை, அவரை போலச் சீக்கிரம் வாடுபவற்றுக்கு மொத்த விலையைவிடப் பாதி கூடுதலாக இருந்தாலும் அதை நியாயமென்றே கொள்வேன். நாள்பட வைத்திருக்கக்கூடிய உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், சேனை ஆகியவற்றுக்கும் அதே அளவு கூடுதலை வாரந்தோறும் கேட்டால், அந்த மூன்றை மட்டுமாவது மாதத்துக்கு இரு முறை மொத்தமாக வேறிடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.