கல்யாண டிவிடி, காதுகுத்து விசிடி: எந்த பிளேயர் வாங்கலாம்?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். போன மழைக்காலத்தோடு எங்கள் பழைய டிவிடி பிளேயர் நின்றுவிட்டது. எங்கள் கல்யாண டிவிடி, மகனின் காதுகுத்து விசிடி, மாமனார் தினமும் கேட்கும் பாட்டு சிடி என்று ஓர் அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க் இருக்கிறது. டிவி புதியது. ஐந்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல பிளேயர் கிடைக்குமா? கொஞ்சம் கூடப் போட்டு ப்ளூ-ரே வாங்கிவிடலாமா?

பதில்: ஐந்தாயிரத்துக்குள்ளேயே கிடைக்கும். ப்ளூ-ரே வேண்டாம். பணம் மட்டும் காரணம் இல்லை. பல ப்ளூ-ரே பிளேயர்கள் விசிடியைப் படிப்பதே இல்லை. விலை அதிகம் என்பதால் பழையது எல்லாம் ஓடும் என்று நம்பி வாங்கிவந்து, காதுகுத்து விசிடியைப் போட்டதும் திரையில் 'படிக்க முடியவில்லை' என்று வந்தால் எவ்வளவு வருத்தமாக இருக்கும்! உங்கள் பெட்டியில் ஒரு ப்ளூ-ரே டிஸ்க்கூட இல்லை. சாதாரண டிவிடி பிளேயரே உங்களுக்குச் சரி.

'1080க்கு உயர்த்திக் காட்டும்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். நம் ஊர் டிவிடியில் இருக்கும் படம் 720-க்கு 576 புள்ளிகள். விசிடியில் 352-க்கு 288தான். டிஸ்க்கில் இல்லாததை எந்த மெஷினும் புதிதாகக் கொண்டுவர முடியாது. படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கும் வேலையை உங்கள் டிவியே செய்துகொள்ளும். ஆனால் எச்டிஎம்ஐ இணைப்பு இருக்கிற மாடலாகவே வாங்குங்கள். புது டிவிகள் பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் செருகும் இடமே கிடையாது. கிளம்பும் முன் டிவியின் பின்புறத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் காட்ட உதவும்.

மாமனாருக்காக ஒன்று பார்க்க வேண்டும். விலை குறைந்த பிளேயர்கள் பலவற்றில் முன்பக்கம் பாட்டு எண் காட்டும் சின்னத் திரை இருப்பதில்லை. ஒரு பாட்டைத் தேட டிவியைப் போட்டாக வேண்டும். வயதானவர்களுக்கு அது தினசரித் தொல்லை. எண் தெரிகிற திரையும், பிளேயரிலேயே அடுத்த பாட்டுக்குப் போகும் பட்டனும் உள்ளதைத் தேடி வாங்குங்கள். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் வெள்ளை, சிவப்பு வயரில் அதற்கு நேரடியாகக் கொடுத்துவிடலாம், டிவியே தேவைப்படாது.

இனி முக்கியமான விஷயம். கடையில் வாங்கிய பட டிஸ்க், பாட்டு டிஸ்க் எல்லாம் அச்சில் வார்த்தவை. படமும் பாட்டும் நுண்ணிய பள்ளங்களாகப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். கல்யாண வீடியோக்காரர் கொடுத்தது பெரும்பாலும் அப்படி அல்ல. அதில் சாயப்பூச்சு ஒன்று இருக்கும், அதை லேசரால் சுட்டு எழுதியிருப்பார்கள். அடிப்பக்கம் ஊதாவாகத் தெரிந்தால் அந்த வகை. வருஷம் ஆக ஆகச் சாயம் மங்கும். லென்ஸ் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் முதலில் சிக்குவது இந்த டிஸ்க்தான். என் தங்கையின் கல்யாண டிஸ்க்கை இருபது வருஷம் கழித்து எடுத்தபோது தாலி கட்டும் வரை ஓடியது. அப்பா எல்லோரையும் கும்பிட்டு வழியனுப்பும் கடைசிப் பகுதி வரவே இல்லை. வேறு மூன்று பிளேயரில் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் மட்டும், திக்கித் திக்கி வந்தது. அப்பா இன்று இல்லை. டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்ச் சோதித்து வாங்குங்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வது அதனால்தான்.

கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கும்போது பெட்டியிலேயே மோசமான இரண்டு டிஸ்க்கை எடுத்து வாருங்கள், ஒரு விசிடி, ஒரு கல்யாண டிவிடி. ஐந்து ரோடோ பழைய பஸ் ஸ்டாண்டோ, எந்தப் பக்கக் கடையானாலும் அவற்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆரம்பத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல் கடைசிப் பகுதிக்குத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கிப் படிக்கப்படுகிறது. ஆட்டமும் கோளாறும் வெளி ஓரத்தில்தான் தெரியும். போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பழைய பிளேயரை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம், தேய்ந்த லென்ஸ் வெளியே தெரியாது. ஓப்போ மாதிரி பெயர்பெற்ற நிறுவனமே 2018-ல் டிஸ்க் பிளேயர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. கடைகளில் தேர்வு குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே சேலத்திலேயே சர்வீஸ் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அனுப்பிய பட டிவிடி இருந்தால் மண்டல எண் கவனிக்கணும். டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் எண் அது, பிளேயரின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் ஓடாது. இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1. வீட்டு வீடியோ டிஸ்க்குகளுக்கு இந்தத் தடை கிடையாது.

பிளேயர் வாங்கினாலும், ஓடுகிறபோதே கல்யாண டிவிடியையும் காதுகுத்து விசிடியையும் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவிடுங்கள். டிஸ்க் டிரைவ் இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் கிடைக்கிறது. கோப்புகளை உள்ளது உள்ளபடியே, சுருக்காமல், இரண்டு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நகல் என்று நினைக்காதீர்கள், அது சுருங்கிப்போன படம்.

அப்புறம், உங்கள் ஊர்ப் பனிமூட்டம். குளிர்ந்து கிடக்கும் பிளேயரின் மேல் ஈரக்காற்று பட்டால் உள்ளே லென்ஸிலும் ஈரம் படியும். நல்ல பிளேயர்கூட அப்போது டிஸ்க்கைப் படிக்காது. பழுது என்று நினைத்துத் திறந்துவிட வேண்டாம். டிஸ்க் போடாமல் ஸ்விட்ச் மட்டும் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், ஈரம் காய்ந்து சரியாகிவிடும். உங்கள் பழைய பிளேயரையும் தூக்கிப் போடும் முன் வெயில் நாளில் இப்படி ஒருமுறை செய்து பாருங்கள்.