போகிமான் அட்டைகளை எரிக்கச் சொல்லும் மாமியார்

சகோதரி, போகிமான் பிசாசின் காரியம் என்று உபவாச ஜெபத்தில் பாஸ்டர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, எட்டு வயது மகனின் போகிமான் அட்டைகளை (ஜப்பானியக் கற்பனை உயிரினங்களின் படம் போட்ட விளையாட்டு அட்டைகள்) எல்லாம் எரிக்கச் சொல்கிறார் மாமியார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். அட்டை எரிந்ததுதான் பிள்ளையின் மனதில் நிற்கும், காரணம் நிற்காது.

அவர் ஆதாரம் காட்டுவது அநேகமாக அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரமாக இருக்கும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதை வாசியுங்கள். எபேசுவில் மாயவித்தை செய்துவந்தவர்கள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். யாரும் பிடுங்கிப் போடவில்லை. போகிமானோ மாயவித்தையில் பிறந்ததல்ல; அதை உருவாக்கிய சதோஷி தஜிரிக்கு அந்த யோசனை வந்ததே சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த பழக்கத்திலிருந்துதான்.

அப்புறம், பையனையே பாட்டிக்கு விளக்கச் சொல்லுங்கள். பிக்காச்சு மின்சாரம் பாய்ச்சும், ஸ்குவர்டில் தண்ணீர் பீய்ச்சும் என்று அவன் சொல்லக் கேட்டாலே பாதி பயம் போய்விடும். கெங்கர் மாதிரிப் பேய் வகை அட்டைகள் உறுத்தினால், அவற்றை மட்டும் எடுத்து வைக்கலாம். (ஆவிகளோடு பேச என்று வைத்திருக்கும் ஓஜா பலகையைக் கேட்டு அடம்பிடித்தால் கதை வேறு, அங்கே நான் மாமியார் கட்சி.)

என்னைக் கேட்டால், உள்ளே எந்த அட்டை என்று தெரியாமலே பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவதுதான் கவலை. 2001இல் சவுதி அரேபியா போகிமானைத் தடை செய்தபோது சொன்ன காரணங்களில் சூதாட்டமும் ஒன்று. மாதம் ஒரு பாக்கெட் போதும் என்று வரம்பு வையுங்கள். மாமியாரிடம் இதையெல்லாம் உங்கள் கணவரே பேசட்டும். மகன் சொன்னால்தான் எடுபடும்.