பின் ஆக்சிலில் ஜாக்கி எங்கே கொடுப்பது?

கேள்வி: பழைய பொலிரோ பிக்கப் வாங்கி ஓட்டுகிறேன். பின் டயர் பஞ்சர் ஆனபோது ஆக்சிலின் நடுவே உருண்டையாக இருக்கும் இடத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். வண்டி முன்னால் நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கும் போட்டிருந்தேன், கியரிலும் நிறுத்தியிருந்தேன். ஏன் நகர்ந்தது?

பதில்: உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக், கியர் இரண்டுமே பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். நடுவில் தூக்கினால் அந்த இரண்டு சக்கரங்களும் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அப்புறம் வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை, முன் சக்கரங்கள் உருளத்தான் செய்யும்.

ஒரு பக்கம் மட்டும் தூக்கினாலும் கியரை நம்பாதீர்கள். நீங்கள் சொன்ன உருண்டைக்குள் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ளது மறுபக்கம் உருண்டுவிடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் கதை வேறு: அதைப் போட்டு, முன் ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பகுதி) அச்சோடு லாக் ஆகி, கியரிலும் இருந்தால் முன் சக்கரங்கள் பிடிக்கும். ஹப் லாக் ஆகாவிட்டால் பிடிக்காது. ஆனதா என்று குனிந்து பார்ப்பதற்குள் கட்டையே போட்டுவிடலாம்.

ஆகவே முதலில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்துங்கள். ஜாக்கியை ஆக்சில் குழாய்க்கு அடியில், கழற்றப்போகும் சக்கரத்தின் பக்கம், லீஃப் பட்டையை (அடுக்கு ஸ்பிரிங்) ஒட்டிக் கொடுங்கள். அந்தப் பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் நட்டின் மேல் உட்காரக் கூடாது, பிரேக் பைப் நசுங்கக் கூடாது. மண் தரையென்றால் கீழே தடித்த பலகை. செங்கல் வேண்டாம், பொடிந்துவிடும்.

இனி ஜாக்கி. பழைய வண்டித் தரகர்களில் சிலர் ஒரிஜினலைத் தனியாக விற்றுவிட்டு, சின்னக் காரின் கத்தரி ஜாக்கியை சீட்டுக்கு அடியில் போட்டுத் தள்ளிவிடுவார்கள். வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. துருவின் மேல் பெயின்ட் அடித்து, '5 டன்' ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் உண்டு. ஸ்டிக்கரை விடுங்கள். பாட்டில் ஜாக்கியில் பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் கசிந்தாலோ, ஏற்றி நிறுத்தியது தானாக இறங்கினாலோ வேண்டாம். லைசென்ஸ் டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்டெப்னி மாற்றத் தெரியுமா என்று யார் கேட்கிறார்கள்?

சக்கரம் மாற்ற ஜாக்கி போதும். வண்டிக்கு அடியில் போக வேண்டிய வேலையென்றால், ஆக்சிலுக்கு அடியில் எடை தாங்கும் ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை இறக்கி, எடை ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகுதான் கையை நீட்ட வேண்டும். சரக்கு இருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.