வசதி குறைந்த நாட்டில் குழந்தைகளுக்கான இதய சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் சத்திரசிகிச்சைக் கூடம் கட்ட வேண்டுமா, அல்லது வேறு ஏதாவதில் கை வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலைக்காரி. கிழக்கு மாகாண அரச வைத்தியசாலைகளில் பிள்ளைகள் விடுதியில் இருபது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தவள். கூடம் வேண்டும்தான். ஆனால் என்னைக் கேட்டால், முதல் காசைப் பிரசவ விடுதியிலும் அம்புலன்ஸிலும் போடச் சொல்வேன்.

காரணம் ஒரு பிள்ளை. தாய் மூதூர்ப் பக்கம். சுகப்பிரசவம், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் இரவு பிள்ளையைச் சாம்பல் நிறத்தில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மிஸ், விடிய நல்லாப் பால் குடிச்ச பிள்ளை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னது உண்மை. வயிற்றில் இருக்கும்போது நுரையீரலுக்குப் போகாமல் இரத்தத்தைத் திருப்பிவிட இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் திறந்திருக்கும். பிறந்து சில நாட்களுக்குள் அது தானாக மூடிக்கொள்ளும். சில பிறவிக் கோளாறுகளில் பிள்ளையின் உயிரே அந்தக் குழாயில்தான் தொங்குகிறது. அது மூடும்வரை வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம்.

புரொஸ்டகிளாண்டின் என்ற மருந்தைத் தொடர்ந்து ஏற்றினால் குழாயைத் திறந்தபடி வைத்திருக்கலாம். ஆனால் அந்த மருந்தே சில நேரம் மூச்சை நிறுத்திவிடும். அதனால் மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் வண்டியில் கூடவே இருக்க வேண்டும். பிள்ளையின் உடல் சூடு குறையக் கூடாது, இரத்தத்தில் சீனி இறங்கக் கூடாது. கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். அந்த இரவு நான்தான் கூடப் போனேன். பிள்ளை வழியிலுள்ள ஹபரணையைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு அனுப்ப முன் தோலில் ஒட்டிப் பார்க்கும் சின்னக் கருவியால் வலது கையிலும் ஒரு காலிலும் இரத்தத்தின் ஒட்சிசன் அளவு பார்த்திருந்தால் அநேகமாகப் பிடித்திருப்போம். பிறந்து 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். 95 வீதத்துக்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ ஒரு மணி நேரத்தில் திரும்பப் பார்ப்பது, அப்போதும் அப்படியே என்றால் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் ஸ்கான். 90க்குக் கீழே என்றால் காத்திருக்கவே கூடாது. சில நிமிட வேலை. இலங்கையில் 100 பிரசவத்தில் 99 வைத்தியசாலையில்தான் நடக்கிறது, ஆகவே யாரையும் தேடிப் போகத் தேவையில்லை. வீட்டுப் பிரசவம் அதிகமுள்ள நாடு என்றால் வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சியிடம்தான் அந்தக் கருவி இருக்க வேண்டும்.

1000 பிள்ளைகளில் 8 முதல் 10 பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். அவை எல்லாமே இந்தக் கருவியில் அகப்பட்டுவிடாது. இதயச் சுவரில் ஓட்டை உள்ள பிள்ளை சிவப்பாகவே இருக்கும். ஒன்றரை மாதம் போல ஆனதும் பால் குடிக்கும்போதே வியர்க்கும், இளைக்கும், நிறுத்தி நிறுத்திக் குடிக்கும், நிறை ஏறாது. இதை முதலில் காண்பவர் பெரிய வைத்தியர் இல்லை, கிளினிக்கில் நிறை பார்த்து வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்கும் குடும்பநல உத்தியோகத்தர். "பால் காணாது" என்று சொல்லி அனுப்பாமல் நெஞ்சைப் பார்க்கச் சொல்லும் பழக்கத்தை அவருக்குக் கொடுங்கள்.

கண்டுபிடித்த பிறகு பிள்ளை பட்டியலில் தொலைந்துவிடக் கூடாது. கேரள அரசு 2017இல் தொடங்கிய ஹிருதயம் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. பிள்ளையை இணையத்தில் பதிவு செய்கிறார்கள், நிபுணர் பார்த்து அவசரத்தை முடிவு செய்கிறார், இடமுள்ள வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள்.

சரி, கூடம். கட்டடமும் இயந்திரமும் நன்கொடையில் வந்துவிடும், ஆட்கள் வருவதில்லை. நெஞ்சைத் திறந்த பிள்ளை பிழைப்பதும் இறப்பதும் அதற்கடுத்த சில நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியின் கையில். பழக வருடங்கள் எடுக்கும் வேலை அது. பழகியவரை இடமாற்றத்தில் வேறு விடுதிக்குத் தூக்கிப்போட்டால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் வைத்தியர்களும் தாதியரும் நிறையப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள், அந்த வலியைப் பார்த்துத்தான் சொல்கிறேன். வெளிநாட்டுக் குழு ஒரு வாரம் வந்து சத்திரசிகிச்சை செய்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதே குழு திரும்பத் திரும்ப வரவேண்டும், உள்ளூர் ஆட்கள் செய்ய அவர்கள் பக்கத்தில் நிற்கும் நாள் வரவேண்டும்.

அப்புறம் குடும்பம். எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இருந்தும் கடலுக்குப் போகிற தகப்பன் கொழும்பில் மூன்று கிழமை நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. தாய்க்குத் தங்க இடம், தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள், இரண்டுக்கும் திட்டத்திலேயே பணம் ஒதுக்குங்கள். பிறகு பத்து நிமிடப் பரிசோதனைக்காக அந்தப் பிள்ளையை இரவு ரயிலில் ஏற்றாமல், மாதத்தில் ஒரு நாள் இதய நிபுணர் எக்கோ இயந்திரத்தோடு மாவட்டத்துக்கே வரட்டும்.