ஆப்பிள் வழியா, கூகுள் வழியா?

கேள்வி: ஆப்பிள் நாலைந்து பொருட்களை மட்டும் செய்து ஜெயிக்கிறது. கூகுள் எதையெதையோ ஆரம்பித்துப் பாதியில் மூடிவிடுகிறது. ஆனாலும் இரண்டும் கொழிக்கின்றன. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் எங்கள் மென்பொருள் நிறுவனம் யார் வழியில் போகலாம்?

பதில்: கூகுள் வழியில் போக உங்களிடம் காசு இல்லை. ஆப்பிள் வழியில் போகலாம். ஆனால் நீங்கள் நினைக்கும் ஆப்பிள் வேறு, நடந்தது வேறு.

1997-இல் ஆப்பிளின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்தபோது அந்த நிதியாண்டில் மட்டும் ஆப்பிளுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அவர் நான்கு கட்டங்கள் போட்டார்: வீட்டுக்கு மேசைக் கணினி, மடிக்கணினி; தொழிலுக்கு மேசைக் கணினி, மடிக்கணினி. கட்டத்துக்கு ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு, மிச்சத்தில் பெரும்பாலானவற்றை ஏறக்கட்டினார். நியூட்டன் என்ற கையடக்கக் கருவியும் 1998-இல் போய்ச் சேர்ந்தது. 1998 நிதியாண்டிலேயே லாபம் வந்தது. இன்று இதை ஒரு ஞானோதயம் போலச் சொல்கிறார்கள். கஜானா காலியானால் யாருக்கும் அந்த ஞானம் வந்துதான் தீரும். பணம் சேர்ந்த பிறகு அதே ஆப்பிள் சுமார் பத்தாண்டுகள் கார் திட்டம் ஒன்றை நடத்தி, 2024-இல் கைவிட்டது. அதுவும் பரிசோதனைதான். கதவைச் சாத்திக்கொண்டு செய்ததால் அந்தக் காரை வாங்கிவிட்டு விழித்தவர் யாரும் இல்லை.

கூகுள் தன் பரிசோதனையை நம் கையில் கொடுத்துச் செய்யும். ஊழியர்கள் வேலை நேரத்தில் 20 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று 2004-இல் பங்குச் சந்தைக்கு வரும்போதே எழுதிக் கொடுத்த நிறுவனம் அது. கூகுள் நியூஸ் அப்படி முளைத்ததுதான். சரி, மறுபக்கம்? பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் வாசிக்க உதவிய ரீடர் 2013-இல் போனது, பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் 2019-இல், இணையத்தில் விளையாட்டுகள் ஆடும் சேவையான ஸ்டேடியா 2023-இல். ஸ்டேடியாவிலாவது பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரீடரை நம்பித் தினசரி வாசிப்பையே அமைத்துக்கொண்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

இத்தனைக்கும் படியளப்பது விளம்பரம். தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானத்தில் சுமார் முக்கால் பங்கு இன்னும் அதிலிருந்துதான் வருகிறது. அந்த ஒரு விஷயத்தில் கூகுளின் கவனம் இம்மியும் சிதறியதில்லை. நூறு யோசனைகளில் விளையாட முடிந்தது இதனால்தான். உங்களிடம் அப்படி ஒரு வருமானம் இருக்கிறதா?

பரிசோதனையை மெச்சுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்றைய செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் முறையை 2017-இல் வெளியிட்டவர்கள் கூகுள் ஆய்வாளர்கள். ஆனால் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்று அதை மக்களிடம் கொண்டுவந்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது ஓப்பன்ஏஐ என்ற வேறொரு நிறுவனம். யோசனைக்குக் கூகுளில் பஞ்சமே இல்லை. இதுதான் நம் அடுத்த பொருள் என்று மற்றதை ஒதுக்கிவிட்டு இறங்க அப்போது அங்கே ஆள் இல்லை.

எனவே, பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் சம்பளத்தைச் சம்பாதித்துத் தரும் பொருளில் இருக்கட்டும். மீதி இரண்டு பேர் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும், ஆறு மாதக் கெடுவோடு. அவர்கள் செய்வதை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன், மூடினால் அவருடைய தரவை எப்படித் திருப்பித் தருவீர்கள் என்று எழுதி வையுங்கள். அதை எழுத முடியவில்லையா, வெளியிடாதீர்கள். அப்புறம், கெடு முடிந்த அன்று நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்த இருவரிடம் இருக்கக் கூடாது. அது உங்கள் வேலை.