ராமச்சந்திரனும் நோபல் புலம்பலும்

கேள்வி: இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்காமல் போனது வெளிநாட்டுக்காரர்களின் சதி என்கிறாரே எங்கள் பேராசிரியர்? – கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: சதிக்கு ஆதாரம் கேட்டீர்களா? போகட்டும், அந்த மனிதர் செய்தது என்ன என்றாவது கேட்டீர்களா?

1952-ல், முப்பது வயது நிறையும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தவர். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று சுருள் இழைகள் சேர்ந்த வடிவம் என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆராயக் கொலாஜன் தந்தது அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம். மறு வருஷமே டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அவரோடு அலெக்சாண்டர் ரிச்சும் அதில் குறை கண்டார்கள்: அணுக்கள் இத்தனை நெருக்கமாக இருக்க முடியாதாம். இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் கடைசியில் நிலைத்தது அவர்கள் கணக்குதான். இதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

சதி என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம் என்று, அதுவரை வெளியான படிக அமைப்புகளை அலசிப் பட்டியல் போட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோடு வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்'. நெரிசல் பஸ்ஸில் முழங்கையை எந்தப் பக்கம் மடக்கினால் யார் மேலும் இடிக்காது? புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் (அமினோ அமிலம் என்பார்கள்) அதே கேள்வியை இரண்டே கோணங்களில் கேட்டார்கள். முக்கால்வாசி இடத்தில் இடிக்கிறது; மிச்சத்தில்தான் புரதம் மடியலாம். பக்கத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும் ஒட்டியிருக்கும் கிளைசின் என்ற கண்ணிக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். இன்றைக்கும் எந்த ஆய்வகம் புதுப் புரத அமைப்பைப் பதிவுசெய்தாலும், இந்த வரைபடத்துக்கு வெளியே எத்தனை கண்ணிகள் விழுந்தன என்று சரிபார்ப்பு அறிக்கை சொல்லிவிடும்.

சி.டி. ஸ்கேனுக்காவது நோபல் தந்திருக்க வேண்டாமா என்பீர்கள். 1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு, ஃபூரியர் உருமாற்றம் என்ற கனமான கணிதம் இல்லாமலே எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்படத்தை மீட்டெடுக்கும் கணக்கைத் தந்தார். அருமையான வேலை. ஆனால் அதே வருஷம் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி லண்டனில் ஒரு நோயாளியின் தலையையே படமெடுத்துவிட்டது. இதே கணக்கில் முன்னோடியான இயற்பியலாளர் கோர்மாக்கின் கட்டுரைகள் 1963, 64-லேயே வந்தவை. 1979-ல் அவ்விருவருக்கும் நோபல் போனதில் சதி எங்கே இருக்கிறது? வரைபடத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. அது வேறு வழக்கு.

அந்த 1963 கட்டுரை ஐந்தே பக்கம். உங்கள் பேராசிரியர் படித்திருக்கிறாரா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். இன்டர்னல் மார்க்குக்கு நான் பொறுப்பல்ல.