பிள்ளைகளுக்கு டிக்கெட் தேவையா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: நான், கணவர், 9 வயது மகன், 4 வயது மகள் என நான்கு பேர் பாரிஸுக்கு ஐந்து நாள் போகிறோம். எல்லாருக்கும் மியூசியம் பாஸ் (பல அருங்காட்சியகங்களுக்குப் பொதுவான ஒரே டிக்கெட்) எடுத்துவிட்டால் செலவு குறையும், வரிசையில் நிற்கவே வேண்டாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பிள்ளைகளுக்கு எடுக்காதீர்கள். லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள் இரண்டிலும் 18 வயதுக்குட்பட்டவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் நுழைவு இலவசம். உங்கள் இருவருக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

அந்தக் கணக்கையும் தாளில் போடுங்கள். எந்தெந்த நாளில் எந்தெந்த இடம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெரியவர் டிக்கெட் விலையைப் பக்கத்தில் குறியுங்கள். கூட்டுத்தொகை பாஸ் விலையைவிடத் தெளிவாக அதிகமாக வந்தால் மட்டும் பாஸ் வாங்கலாம். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் தனித்தனி டிக்கெட்டே மேல். ஏனென்றால் இந்தப் பாஸ் முதல் நுழைவிலிருந்து மணிக்கணக்கில் ஓடத் தொடங்கிவிடும். நடுவில் ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அறையிலேயே இருந்தாலும் அது நிற்காது. ஈஃபில் கோபுரம் அந்தப் பாஸில் சேராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வரிசை விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பாஸ் வைத்திருந்தால் டிக்கெட் வாங்கும் வரிசையில் மட்டும்தான் நிற்க வேண்டாம். பையைச் சோதிக்கும் பாதுகாப்பு வரிசையில் எல்லாரும் நின்றுதான் ஆக வேண்டும். லூவ்ருக்குப் பாஸ் கையில் இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கும் அதே நேரத்துக்குக் கட்டணமில்லா டிக்கெட் எடுத்துவிடுங்கள். கிழமையையும் பாருங்கள்: லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. பாஸ் எடுத்துவிட்டால் அதை வசூலித்துவிட வேண்டும் என்ற ஓட்டம் வந்துவிடும். என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, பாஸ் முடியப்போகிறதே என்று ஒரே நாளில் அவளை மூன்று இடங்களுக்கு இழுத்துக்கொண்டு போனோம். மூன்றாவது இடத்தில் அவள் ஒரு ஓவியத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையில் குளிர்காற்று வரும் கம்பித்தட்டின் மேல் நின்று, தன் கவுன் உப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். அதற்கப்புறம் நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில், என்று வைத்துக்கொண்டோம். மதியத்துக்குப் பிறகு பூங்காவோ படகோ போதும். இந்த வேகத்தில் போகும் குடும்பத்துக்குப் பெரும்பாலான நகரங்களில் பாஸ் கட்டுப்படியாகாது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் மூன்றின் நிரந்தரக் காட்சிகளும் எல்லாருக்கும் இலவசம். பிள்ளைகள் அதிகம் கேட்பதும் இந்த மாதிரி இடங்களைத்தான்.

கேள்வி: எங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்கு லண்டனில் இருக்கும்போதே 11 வயது முடிகிறது. ரயிலில் குழந்தைகளுக்கு இலவசம் என்று படித்தேன். பிறந்தநாளுக்கு அப்புறம் முழு டிக்கெட்டா?

பதில்: பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை, கட்டணம் கட்டும் பெரியவருடன் சுரங்க ரயிலில் இலவசம். ஒரு பெரியவர் நான்கு பிள்ளைகள்வரை அழைத்துப் போகலாம். 11 நிறைந்ததும் முழுக் கட்டணம் வந்துவிடாது. 11 முதல் 15 வயதுவரை, வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு 14 நாள்வரை பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அது தானாகக் கிடைக்காது. ஆளுக்கு ஓர் ஆய்ஸ்டர் கார்டு (முன்பணம் போட்டு லண்டன் பயணங்களுக்குப் பயன்படுத்தும் கார்டு) வாங்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், நிலைய ஊழியரிடம் சொல்லி அதில் பதியவைக்க வேண்டும். வங்கிக் கார்டைத் தட்டிப் போனால் பெரியவர் கட்டணம்தான் பிடிப்பார்கள்.

குழந்தை என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர், கவுண்டருக்குக் கவுண்டர் வேறு வேறு பொருள். டோக்கியோ ரயில்களில் 6 முதல் 11 வயதுவரை பாதிக் கட்டணம், 12 வயதானாலும் இன்னும் தொடக்கப் பள்ளியில் படித்தால் அதே பாதிதான். நியூயார்க் சுரங்க ரயில் வயதைக் கேட்பதே இல்லை. 44 அங்குல உயரத்துக்குள் இருந்தால், ஒரு பெரியவருடன் மூன்று பிள்ளைகள்வரை இலவசம். சுதந்திர தேவி சிலையின் கிரீடம்வரை ஏற வேண்டுமானால் நேர்மாறு, 42 அங்குலமாவது உயரம் வேண்டும். ஆகவே டிக்கெட் பக்கத்தைத் திறக்கும் முன் பிள்ளைகளை வெறுங்காலோடு சுவரோரம் நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு, சென்டிமீட்டரிலும் அங்குலத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆசையோடு போன பிள்ளையை அளவுகோலுக்கு எட்டவில்லை என்று வாசலில் திருப்பி அனுப்பினால், அன்றைய நாளே போய்விடும்.

வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டின் படம் போனில் இருக்கட்டும். விமானத்தைப் பற்றியும் ஒன்று, உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் மற்றவர்களுக்கு உதவும்: மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தை டிக்கெட் 2 வயது நிறையும்வரைதான். பயணத்தின் நடுவில் 2 நிறைந்தால், திரும்பும்போது அந்தக் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும்.

கேள்வி: நகர மையத்தில் ஹோட்டல் வாடகை மிக அதிகம். ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் பாதி வாடகையில் பெரிய அறை கிடைக்கிறது. எங்களுக்கு 3 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள். "2 பேர்" என்று போட்டுத் தேடினால் விலை இன்னும் குறைகிறது. அப்படியே பதிவு செய்துவிட்டு அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். தீ விபத்துப் பாதுகாப்பை முன்னிட்டு ஒவ்வொரு அறைக்கும் ஆள் வரம்பு உண்டு. இரவு பதினொரு மணிக்கு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, இன்னொரு அறை எடுங்கள் என்று சொன்னால் அன்றைய விலைக்குத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தேடும்போதே பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் சரியாகப் போடுங்கள். "குழந்தைகள் இலவசம்" என்று இருந்தால், பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் கட்டிலில் படுத்தால்தான் இலவசம் என்று பொருள். கூடுதல் கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் கட்டணம் உண்டா, காலை உணவு பிள்ளைகளுக்கும் சேர்த்தா என்று எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறை எடுப்பதானால் "அடுத்தடுத்த அறை" வேறு, நடுவில் கதவு உள்ள அறை வேறு. பதிவின்போது நீங்கள் எழுதுவது வேண்டுகோள்தான். ஹோட்டல் உறுதி செய்து எழுதினால்தான் அது கைக்கு வரும்.

தொலைவைப் பற்றி: ஒரு மணி நேரம் என்றால் போக ஒன்று, வர ஒன்று. மதியம் அறைக்கு வந்து பிள்ளைகளைத் தூங்கவைத்து மாலையில் திரும்பப் போகலாம் என்ற யோசனையையே விட்டுவிட வேண்டியதுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தத் தூக்கம் போனால் மாலை முழுக்க அழுகை. ராத்திரி அலுப்பில் ரயிலை விட்டு டாக்சி எடுப்பீர்கள். நான்கு நாள் டாக்சியையும் தினசரி ரயில் கட்டணத்தையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். மையத்திலேயே இருக்க வேண்டியதில்லை. நேர் ரயிலில், வண்டி மாறாமல், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் போகிற மாதிரி நிலையத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வேன், பாஸில் மிச்சமானதை இங்கே போடுங்கள்.

காட்டும் விலையே கடைசி விலை அல்ல. பல ஐரோப்பிய நகரங்களில் சுற்றுலா வரியை ஹோட்டலில் தனியாகக் கட்ட வேண்டும். பாரிஸில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த வரி கிடையாது, பில்லில் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அமெரிக்காவில் ரிசார்ட் கட்டணம் போன்ற கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் மொத்த விலையிலேயே சேர்க்க வேண்டும் என்ற விதி 2025 மே முதல் நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி: தேடலில் முதலில் வந்த தளத்தில் ரோம் கொலோசியம் டிக்கெட் நான்கு வாங்கினேன். அப்புறம்தான் அது இடைத்தரகர் தளம், விலையும் அதிகம் என்று தெரிந்தது. ஐரோப்பாவில் 14 நாளுக்குள் எதையும் ரத்து செய்யலாமாமே?

பதில்: வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த 14 நாள் உரிமை இதற்குப் பொருந்தாது. குறிப்பிட்ட தேதிக்கு வாங்கும் பொழுதுபோக்கு டிக்கெட், ஹோட்டல் அறை ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அதிலிருந்து விலக்கியிருக்கிறது. அந்தத் தளத்தின் சொந்த ரத்து விதியில் இடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சொன்ன டிக்கெட்டைத் தராமல் விட்டாலோ, வேறு எதையோ தந்தாலோ, உங்கள் கார்டு வங்கியில் முறையிடலாம். விலை அதிகம் என்பது மட்டும் வங்கிக்குக் காரணமாகாது.

உடனே கவனிக்க வேண்டியது பெயர். கொலோசியம் டிக்கெட் பெயர் போட்டுத் தருவது, வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். நான்கு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று சரிபாருங்கள். இனி வாங்கும்போது தேடலில் "விளம்பரம்" என்று குறித்தவற்றைத் தாண்டி, அந்த இடத்தின் சொந்தத் தளத்திலிருந்து டிக்கெட் பக்கத்துக்குப் போங்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகனுக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகவா, போன இடத்தில் வாடகைக்கு எடுக்கவா?

பதில்: கொண்டுபோங்கள். வீட்டில் வண்டியே கேட்காத பிள்ளையும் நகரச் சுற்றுலாவில் இரண்டாம் நாளே கேட்கும். பெரிய வண்டி வேண்டாம். ஒரு கையால் மடக்கி, மறுகையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு படியேற முடிய வேண்டும். பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்களில் லிஃப்ட் அரிது, லண்டன் சுரங்க ரயிலில் மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் படியில்லாமல் நடைமேடைக்குப் போகலாம். அந்த ஊர்களில் பேருந்துதான் வசதி. பிள்ளையும் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டே வருவான்.